மாதாலுவாவுக்கு ஒரு புள்ளி

அதைப் பூச்சி என்று சொல்லவே எனக்கு மனசு வருவதில்லை. காய்ந்த புல் துரும்புக்கு மூக்கு முளைத்தால் எப்படி இருக்கும், அதுதான் அது. இறக்கையை விரித்துக் காட்டுவோம், நாலு பேர் பார்க்கட்டும் என்கிற ஆசைகூட அதற்குக் கிடையாது. வைக்கோல் நிறத்தில், இறக்கையை உடம்போடு சுருட்டிக்கொண்டு, புல் தண்டில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். இறக்கையில் வெள்ளி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, அழகு என்று, இதைத் தேடி ஊருக்கு வந்த ரூதா சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த அற்பப் பூச்சி என் மானத்தை வாங்கப் பார்த்ததே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் ஃபுவாடினோ. எங்கள் ஊர், நியூசிலாந்துக்கு வடக்கே கடல் நடுவில் இருக்கும் சவாயித் தீவில் மாதாலுவா. "எங்கள் ஊர்" என்று நான் சொன்னால் என் நாத்தனார் லுபேசினாவுக்கு மூக்கு விடைக்கும். ஏனென்றால் நான் பிறந்தது அடுத்த ஊரான வாய்தோகாவில். அவள் தம்பி பெசமினோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். எத்தனை பிள்ளை பெற்றாலும், எத்தனை கல்லடுப்பு மூட்டினாலும், எத்தனை சாவுக்குப் பாய் முடைந்து கொடுத்தாலும் இங்கே நான் வாழ வந்தவள்தான். கூட்டத்தில் ஊரில் பிறந்த பெண்கள் முன்னால் உட்காருவார்கள். வாழ வந்தவர்கள் பின்னால் உட்கார்ந்து தேங்காய் துருவுவோம். பெயர் கூப்பிடும்போதுகூட என்னை "வாய்தோகா ஃபுவாடினோ" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட என் கையில் இந்த வருஷம் பெண்கள் குழுவின் விசில் வந்து சேர்ந்தது. விசிலை ஊதிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். கொசுவலை கிழிந்திருக்கிறதா, பன்றி வேலி தாண்டியிருக்கிறதா, முற்றத்துப் புல்லில் குப்பை கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். குற்றம் கண்டால் மீன் டின் அபராதம். அதுவரை விசில் வைத்திருந்த அம்மாள் நியூசிலாந்தில் மகனோடு இருக்கப் போய்விட்டாள். ஊரையே பகைத்துக்கொள்ள வேறு யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கு இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்தும் இருந்தது. அந்த விசில் கழுத்தில் தொங்கும்போது யாரும் என்னை வாய்தோகாக்காரி என்று நினைக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

லுபேசினா மட்டும் நினைத்தாள். முதல் சோதனையிலேயே அவள் வீட்டுத் தலையணை உறையில் கறை கண்டுபிடித்துவிட்டேன்.

"நேத்து வந்தவ எங்க தலகாணிய மோந்து பாக்குறா. காலம் கெட்டுப்போச்சு" என்றாள்.

"நேத்து வரல அண்ணி. என் மூத்தவனுக்கே கல்யாணம் ஆயிடுச்சு."

"யாரு இல்லன்னா? அவன் இந்த ஊர்ப் பையன். நீ வாய்தோகா."

போன மழைக்காலத்தில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அப்பா வீட்டு முற்றத்துப் புல் மெத்தென்று இருக்கும். அதில் கொஞ்சம் மண்ணோடு வெட்டி, பஸ்ஸில் ஏற்றி வந்து, என் வீட்டு முன்னால் பதித்தேன். ஊரே வந்து மிதித்துப் பார்த்துவிட்டுப் போனது. இந்த வருஷம் அந்த இடத்தில்தான் புல் முதலில் மஞ்சளானது. அப்புறம் மஞ்சள் பரவி, ஊர் நடுவிலுள்ள புல்வெளியின் ஓரத்தைத் தொட்டது. அந்தப் புல்வெளி எங்களுக்கு வெறும் புல் இல்லை. பெரியவர்கள் கூடுவதும், விருந்தாளிகளை வரவேற்பதும், பிணத்தை வைத்து அழுவதும் அங்கேதான்.

லுபேசினா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"உங்க அப்பன் வீட்டுப் புல்லோட ஏதோ பூச்சியையும் சேத்துக் கொண்டாந்திருக்க. வாய்தோகாவுல இப்பிடித்தான் புல்லெல்லாம் தீஞ்சு கெடக்குதாம். மாசக் கடைசிக் கூட்டத்துல கேக்கப்போறேன். ஊர்ப் புல்லக் கெடுத்தவ கையில விசில் எதுக்குன்னு."

வாய்க்கு வந்தபடி பதில் சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது நிஜமாக இருந்தால்? விசில் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். "பாத்தியா, வாழ வந்தவ புத்தியக் காட்டிட்டா" என்று ஊர் பேசுமே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இந்தச் சமயம் பார்த்துத் தலைநகர் ஆப்பியாவிலிருந்து ரூதா வந்து இறங்கினாள். விவசாயம் படித்த பெண். கையில் வலை, கண்ணாடிக் குப்பிகள், சுருட்டிய தீவுப் படம் ஒன்று. பெசமினோ ஊர்ப் பெரியவர்கள் சபையில் ஊருக்காகப் பேசுகிறவர் என்பதால் வெளியாட்கள் யார் வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். நான் கோகோ காய்ச்சிக் கொடுத்தேன். அவள் படத்தைப் பாயில் விரித்தாள். கரையோரம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"இது என்ன கண்ணு, அம்மை போட்ட மாதிரி?" என்று கேட்டேன்.

"ஒரு புல் பூச்சி அத்தை. அது எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. சின்னதா இருக்கறப்போ புழு, புல்லோட அடியில நூல் கூடு கட்டிக்கிட்டுத் தின்னும். புல்லு மஞ்சளாயிடும்."

நான் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆனால் பெசமினோ படத்தின் மேல் குனிந்து வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வாய்தோகாவுக்குப் புள்ளி இருக்கு" என்றார். "நமக்கு எங்க?"

"உங்க ஊர்ல இன்னும் கெடைக்கல மாமா."

"அது எப்படி? இந்தப் படம் அச்சாகுமா?"

"ஆகும். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போகும்."

"பள்ளிக்கூடச் சுவர்ல வாய்தோகா இருக்கும், மாதாலுவா இருக்காது. அப்படித்தானே?"

"மாமா, அது நல்ல பூச்சி இல்ல. புள்ளி இல்லாம இருக்கறதுதான் நல்லது."

"நல்லதோ கெட்டதோ, அவனுக்கு இருக்கு, எனக்கு இல்ல. எங்க பெரியவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

மறுநாளே சபை கூடி, மாதாலுவாவுக்கு ஒரு புள்ளி வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டது. வாய்தோகாவுக்கு எங்களுக்கு முன்னால் தார் ரோடு வந்தபோது பட்ட ஆத்திரம் இன்னும் அவர்களுக்கு அடங்கவில்லை. ஊர் ஆண்கள் முழுக்கப் பூச்சி வேண்டும் என்கிறார்கள். எனக்கோ அந்தப் பூச்சி கண்ணில் படவே கூடாது. ரூதா குளிக்கப் போன நேரத்தில் மஞ்சள் அடித்த இடம் முழுக்கத் தாழை மடல்களைப் பரப்பினேன். பாய்க்குக் காயப்போட்டிருக்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்வார்கள்.

"எப்ப வரும் அந்தப் பூச்சி?" என்று சாயங்காலம் நைசாகக் கேட்டேன்.

"பகல்ல புல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கும் அத்தை. இந்த இனம் விளக்குக்கும் அதிகமா வராது. பொழுது சாஞ்சு இருட்டறதுக்குள்ள கொஞ்ச நேரம் பறக்கும். அப்ப பிடிச்சாத்தான் உண்டு."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பொழுது சாயும்போது எங்கள் ஊரில் சங்கு ஊதுவார்கள். ஊதிவிட்டால் வீட்டு ஜெபம் முடியும்வரை யாரும் வெளியே தலை காட்டக் கூடாது. ரோட்டில் வாலிபர்கள் வரிசையாக நின்று நடப்பவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் இப்போதெல்லாம் ஏனோதானோ என்று நடக்கிறது. மாதாலுவாவில் காரைக்கூட நிறுத்திவிடுவார்கள். இந்த ஊரில் மட்டும் ஏன் பூச்சி கிடைக்கவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. ரூதாவுக்கு முன்னால் வந்தவர்களும் சங்குக்கு அப்புறம் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிட்டால் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதற்கு வழி செய்ய வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஒரு கீர்த்தனைக்குப் பதில் எல்லாக் கீர்த்தனையையும் பாடவைத்தேன். பிறகு ஜெபத்தை நானே எடுத்துக்கொண்டேன். ஆக்லாந்தில் இருக்கும் என் மகனில் ஆரம்பித்து, அவன் மாமியார், மாமியாரின் முழங்கால், சிட்னியில் டாக்ஸி ஓட்டும் சித்தப்பா மகன், அவன் லைசென்ஸ் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்தேன். ரூதா ஒரு கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். நான் இரண்டு கண்ணையும் திறந்து அவளைப் பார்த்தேன். அவள் மூடிக்கொண்டாள்.

முடித்தபோது வெளியே கும்மிருட்டு. சேம்பும் தேங்காய்ப்பாலும் ஆறி அவலாகிவிட்டிருந்தன.

"உனக்கு என்ன ஆச்சு ஃபுவா?" என்றார் பெசமினோ. "இவ்வளவு பக்தி நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட இல்லையே."

"வயசாகுதுல்ல. போற வழிக்குப் புண்ணியம் வேணாமா?"

"போறதுக்குள்ள பசியில நான் போயிடுவேன் போல இருக்கு."

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. ஜெபிக்க ஆட்கள் தீர்ந்துபோய், கடைசியில் வாய்தோகா பஸ் டிரைவருக்கும் அவர் பஸ்ஸுக்கும் ஜெபித்தேன். ரூதா பாவம், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் ஜெபத்தை நடுவில் நிறுத்தச் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, "நாளைக்குக் கெளம்பறேன் அத்தை. மாதாலுவாவுல இல்லன்னே எழுதிடறேன்" என்றாள். பெசமினோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார். நான் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை எங்கள் சோதனை நாள். பஸ் வர நேரமிருக்கிறது, நானும் வருகிறேன் என்று ரூதா கூடவே வந்தாள். எனக்கு அதில் சங்கடம் ஒன்றும் தெரியவில்லை. பகலில்தான் ஒளிந்துகொள்ளுமே. குழுவின் பெண்கள் பின்னால் வர, விசிலை ஊதிக்கொண்டு ஊரை அளந்தேன். கடைசியாகக் கடற்கரையோரம் லுபேசினா வீடு. என் வீடு மலைப் பக்கம், ஊரின் அந்தக் கோடி. அவளுடையது இந்தக் கோடி.

வீட்டைத் துடைத்து வைத்திருந்தாள். கொசுவலையில் ஓட்டை இல்லை, பன்றி வேலிக்குள்தான் இருந்தது, தலையணை உறை புத்தம் புதுசு. முற்றத்தில் ஈர்க்குமாறு இழுத்த தடம் கோடு கோடாகத் தெரிந்தது. வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதானா என்று எனக்குக் கடுப்பாக இருந்தது. அப்போதுதான் புல்லில் அதைப் பார்த்தேன். காய்ந்த துரும்பு. ஒன்று இல்லை, அங்கங்கே பல.

"அண்ணி, இது என்ன?"

"எது?"

"துரும்பு. புல்லு வெட்டிட்டு அள்ளாம விட்டிருக்கீங்க."

"ரெண்டு தடவை கூட்டியிருக்கேன். உன் கண்ணுல ஏதோ விழுந்திருக்கு, கழுவிட்டு வா."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒரு பெட்டி மீன் டின் எடுத்து வைங்க."

"துரும்புக்கு ஒரு பெட்டியா? உங்க ஊர்ல மீனே பாத்ததில்லையா?" என்று சொல்லிக்கொண்டே துரும்பைப் பொறுக்கக் குனிந்தாள்.

துரும்பு எழுந்து பறந்தது. இரண்டடி தள்ளிப் போய் இன்னொரு புல்லில் உட்கார்ந்து மறுபடி துரும்பானது. லுபேசினா அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அது மறுபடி பறந்தது. அவள் கால் பட்ட இடத்திலெல்லாம் துரும்புகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரூதா மட்டும் பையைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தாள்.

"அத்தை, இதுதான். இதுதான் அது" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. என் வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில், லுபேசினாவின் சொந்த முற்றத்தில்.

"அண்ணி, இது எந்த ஊர்ப் புல்லோட வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் விடுவாளா. "உன் வாசல்லருந்து பறந்து வந்தது. வாங்கடி எல்லாரும், காட்டறேன்" என்று இடுப்புத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். போகிற வழியில் பெசமினோவும் சேர்ந்துகொண்டார். என் வீட்டு வாசலில் லுபேசினா தாழை மடல்களைக் கைக்கு ஒன்றாக எடுத்து வீசினாள். கீழே மஞ்சள் படை தெரிந்தது. ரூதா புல்லைப் பிரித்துப் பார்த்து, "கூடு இருக்கு, புழு இருக்கு" என்றாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காது ரெண்டும் சூடாகிவிட்டது.

"பாத்தீங்களா? மூடி மறைச்சிருக்கா. இவதான் கொண்டாந்தா."

பெசமினோ மஞ்சள் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தனை கீர்த்தனையும் எதற்காகப் பாடினோம் என்று அவருக்கு இப்போது புரிந்திருக்கும். ஆனால் ரூதா பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப நமக்குப் புள்ளி உண்டா?"

"உண்டு மாமா."

"பெரிய புள்ளியா?"

"எல்லாம் ஒரே அளவுதான்."

"போதும்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உன் வீட்லதான் மொதல்ல கெடைச்சுதா? சபை உனக்கு ஒரு பன்னி கடன்பட்டிருக்கு."

லுபேசினாவின் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். கையிலிருந்த தாழை மடலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுதுதான்" என்றாள். "எங்க பாட்டன் காலத்துலருந்து எங்க முத்தத்துல இருக்கு. இவ புல்லுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"இப்பத்தான அண்ணி என் வாசல்லருந்து பறந்து வந்துச்சுன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்? எங்க பூச்சிதான் காத்து வாங்க உன் வாசலுக்கு வந்திருக்கு."

ரூதாவிடம் நியாயம் கேட்டோம். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாதாம். காற்றில் வந்திருக்கலாம், கப்பலில் வந்திருக்கலாம், யாராவது வெட்டி வந்த புல்லோடும் வந்திருக்கலாம். இந்தக் கடலைச் சுற்றிச் சூடான கரை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கிறதாம்.

"இப்போ எனக்குச் சேதமில்லாம ஒண்ணு வேணும். தொட்டா இறக்கைத் தூள் உதிர்ந்துடும்" என்றாள்.

லுபேசினா இரண்டு கையாலும் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். பிடித்ததெல்லாம் மாவாகிப் போயிற்று. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கோகோ குடிக்கும் கோப்பையை எடுத்து வந்தேன். ஒன்று தலைகீழாக உட்கார்ந்திருந்தது. பறப்பது மேலே என்றால் கோப்பையும் மேலிருந்துதானே வர வேண்டும். மெல்லக் கவிழ்த்து, அடியில் ஒரு இலையைச் செருகிக் கொடுத்தேன். ரூதா அதைக் குப்பிக்குள் விட்டாள். இறக்கையில் அந்த வெள்ளிக் கோடு முழுசாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னேனே, உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

ரூதா நகம் அளவு காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"பிடிச்சவங்க பேரும் ஊரும் இதுல எழுதி ஒட்டணும். இது காலாகாலத்துக்கும் பூச்சியோட இருக்கும். சொல்லுங்க அத்தை."

"ஃபுவாடினோ."

"ஊரு?"

சுற்றி நின்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். பெசமினோ மேகத்தைப் பார்த்தார். அக்கா நிற்கும்போது அவர் வாய் திறக்க மாட்டார். கூட்டத்தில் கூப்பிடுவார்களே, அந்தப் பழக்கத்தில் "வாய்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"மாதாலுவான்னு எழுது" என்றாள் லுபேசினா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ரூதாவிடம்தான் கோபமாகப் பேசினாள்.

"என்ன முழிக்கிற? எழுது. இவ வெளியூர்க்காரியா இருந்தா நான் இத்தனை வருஷம் இவகிட்ட சண்டை போட்டுட்டிருப்பேனா? வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்கன்னு சிரிச்சு அனுப்பியிருக்க மாட்டேன்?"

ரூதா எழுதினாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். லுபேசினாவும் மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அந்தத் துரும்பெல்லாம் துரும்பே இல்லன்னு ஆயிடுச்சுல்ல" என்றாள். "அந்த ஒரு பெட்டி மீனு?"

அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு இளகியது. விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடணும் அண்ணி" என்றேன். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன்.